கலந்தாய்வுக் கணக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதி மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. "சார், பொறியியல் கலந்தாய்வில் நமக்குக் கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டால், கிடைக்கக்கூடிய இரண்டாவதும் கையைவிட்டுப் போய்விடுமா?" போய்விடும் என்றுதான் தெருவில் பலரும் சொல்கிறார்கள். "தகுதிக்கு ஏற்றதை முதலில் போடு, ஆசைப்பட்டதைக் கடைசியில் போடு" என்பது பரவலான அறிவுரை. கேட்பதற்குப் பக்குவமான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அனுபவத்தால் மட்டும் தீர்க்க வேண்டிய கேள்வியன்று. இது ஒரு கணக்கு. தாளும் பென்சிலும் இருந்தால் விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தரவரிசை எவ்வாறு உண்டாகிறது என்று காண்போம். பொறியியலுக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் 100க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குச் சுருக்கப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 பெற்ற ஒருவருக்கு 92 + 42 + 39 = 173. கணிதத்தில் கூடுதலாகப் பெறும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபை ஒன்று உயர்த்துகிறது. இயற்பியலில் பெறும் ஒரு மதிப்பெண் அரைதான் உயர்த்துகிறது. (இயற்பியல் ஆசிரியன் கையால் இதை எழுதுவது சற்றே கசப்புதான்!) 1984 முதல் இந்தக் கணக்கில் நுழைவுத் தேர்வு ஒன்றும் இருந்தது. 2007-08ஆம் கல்வியாண்டு முதல் அது நீக்கப்பட்டது. இருவர் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என வரிசையாக ஒப்பிடுவார்கள். எல்லாமே சமமானால் விண்ணப்பித்தபின் ஒவ்வொருவருக்கும் கணினி அளித்த சமவாய்ப்பு எண்ணைப் பார்த்து, பெரிய எண் உடையவரை முன்னே வைப்பார்கள்.

இனி வரிசை நகரும் முறை. ஒற்றைச் சாளர முறை 1997இல் வந்தது. 2017 வரை மாணவர்கள் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். தரவரிசைப்படி அழைப்பார்கள். உள்ளே திரையில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்று தெரியும். இருப்பவற்றுள் பிடித்ததைத் தேர்ந்துகொண்டு வெளியே வரலாம். 2018 முதல் இது இணையவழி ஆகிவிட்டது. மாணவர்களைத் தரவரிசைப்படி சில சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் சுற்று வரும்போது விருப்பப் பட்டியலை நிரப்பிவிட வேண்டும்.

நேரில் சென்ற காலத்தில் திரையைப் பார்த்து நீங்களே முடிவெடுத்தீர்கள். இப்போது உங்கள் சார்பில் கணினி போகிறது. பட்டியல் என்பது அதன் கையில் நீங்கள் கொடுத்தனுப்பும் சீட்டு. காசிமேட்டுக்கு மீன் வாங்கத் தம்பியை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் போதிய பணமும் கொடுத்து, "வஞ்சிரம், இல்லாவிட்டால் சங்கரா, அதுவும் இல்லாவிட்டால் நெத்திலி" என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். வஞ்சிரம் தீர்ந்திருந்தால் தம்பி அங்கேயே அப்போதே சங்கராவைப் பார்ப்பான். வஞ்சிரத்தை முதலில் எழுதியதற்காகச் சங்கரா விற்பவர் அவனைத் திருப்பி அனுப்பமாட்டார். "வஞ்சிரம் எங்கே இருக்கப்போகிறது" என்று பயந்து நெத்திலியை முதலில் எழுதியிருந்தால்? எதிரே வஞ்சிரம் கிடந்தாலும் அவன் நெத்திலியோடுதான் வீடு திரும்புவான்.

கலந்தாய்வுக் கணினியும் இப்படித்தான் இயங்குகிறது. ஒரு சிறு எடுத்துக்காட்டால் சரிபார்ப்போம். கணினி, மின்னியல், இயந்திரவியல் என மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஓரிடம், மூன்று மாணவர்கள். முதல் தரவரிசைக்காரர் கணினியை விரும்புகிறார். இரண்டாமவரின் பட்டியல்: கணினி, மின்னியல், இயந்திரவியல். மூன்றாமவரின் பட்டியல்: மின்னியல், இயந்திரவியல். முதல்வர் கணினியை எடுத்துக்கொள்கிறார். அடுத்து இரண்டாமவர் முறை. அவருடைய முதல் விருப்பம் போய்விட்டது. உடனே இரண்டாவதைப் பார்த்து மின்னியல் தரப்படுகிறது. அவர் முறை முடிந்த பின்னரே மூன்றாமவரின் பட்டியல் திறக்கப்படுகிறது. அவர் மின்னியலை முதல் விருப்பமாக எழுதியிருந்தது இரண்டாமவரை எவ்வகையிலும் பாதிக்கவில்லை.

இப்போது இரண்டாமவர் அச்சப்பட்டுக் கணினியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார் என்று கொள்வோம். முதல்வரோ மருத்துவத்தில் இடம் கிடைத்துக் கலந்தாய்வுக்கே வரவில்லை. கணினி இடம் காலியாக இருக்கிறது. இரண்டாமவருக்கு அதைப் பெறும் தகுதியும் இருக்கிறது. ஆனால் சீட்டில் எழுதவில்லையே! அவருக்கு மின்னியல்தான் வரும். ஆக, உயர்ந்த விருப்பத்தை மேலே எழுதுவதால் இழப்பு ஏதும் இல்லை. எழுதாமல் விடுவதால் இழப்பு உண்டு.

அப்படியானால் தெருவில் உலவும் அந்த அறிவுரை எங்கிருந்து பிறந்தது? அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அது பொருந்தும் முறைகளும் உலகில் இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை வேறொரு விதி இருந்தது. முதலில் எல்லோருடைய முதல் விருப்பங்களையும் மட்டும் பார்த்து இடங்களை நிரப்புவார்கள். மிஞ்சிய இடங்களுக்குத்தான் இரண்டாம் விருப்பங்களைப் பார்ப்பார்கள். நம் மூவரையும் அந்த விதியில் நிறுத்துங்கள். முதற் சுற்றிலேயே கணினி முதல்வருக்கும், மின்னியல் மூன்றாமவருக்கும் போய்விடும். இரண்டாமவர் தம் இரண்டாம் விருப்பத்தோடு வரும்போது மின்னியல் இல்லை! மூன்றாமவரைவிட முன்னே இருந்தும் அவருக்கு இயந்திரவியல்தான் மிச்சம். அந்த விதியின்கீழ், உண்மையான ஆசையை மறைத்து மின்னியலை முதலில் எழுதுபவரே பிழைப்பார். அங்குள்ள பெற்றோர்களில் விவரம் அறிந்தவர்கள் கூடிப் பேசி இத்தகைய தந்திரங்களை வகுத்தார்கள். விவரம் அறியாதவர்களின் பிள்ளைகள் நட்டப்பட்டார்கள். இதைப் பொருளியல் அறிஞர்கள் எடுத்துக்காட்டிய பின் 2005இல் அந்நகரம் விதியை மாற்றியது.

மாற்றாக வந்த விதியின் வேர், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் ஒரே கணக்காகக் கண்ட கட்டுரை அது! அவர்கள் வகுத்த முறையில் மாணவர்கள் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதே அவர்களுக்கு நல்லது என்பதைப் பின்வந்தோர் நிறுவினர். ஷேப்லிக்கும், இக்கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே காலமாகிவிட்டார். எல்லாக் கல்லூரிகளும் ஏறத்தாழ ஒரே தரவரிசையைப் பயன்படுத்துவதால், நம் கலந்தாய்வு இந்தக் கணக்கின் எளிய வடிவம் எனலாம்.

"ஏறத்தாழ" என்றேன், காரணம் இட ஒதுக்கீடு. நீங்கள் எழுதிய ஒவ்வொரு விருப்பத்துக்கும் கணினி முதலில் பொதுப்பிரிவில் இடம் உண்டா என்று பார்க்கும். இல்லையெனில் உங்கள் வகுப்புக்குரிய இடத்தைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால்தான் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஆகவே விதி மாறவில்லை. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. ராயபுரம் வட்டாரத்தில் உதவி பெறும் பழைய பள்ளிகள் பல இருப்பதால் இந்த வேறுபாட்டை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கலந்தாய்வு நாளில் தெரியவந்தால் ஏமாற்றமாக இருக்கும். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும், வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர் என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. அதை வருவாய்த் துறையிடம் பெற்று வைத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மே மாதக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் முன்னரே விண்ணப்பிப்பது நல்லது.

இனி, பட்டியலில் எதை எழுதுவது? சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த அளவில் மூடியது என்ற விவரத்தைப் பார்ப்பார்கள். அப்போது மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடாமல் தரவரிசையையும் ஒப்பிடுங்கள். மதிப்பெண்கள் தராசின் மேல் சமமாகப் பரவிக் கிடப்பவையல்ல. கூட்ட நேரத்தில் மின்ட் பேருந்து நிலையத்தைப் பாருங்கள்: ஓரத்தில் நால்வர் நிற்பார்கள், நடுவில் கால் வைக்க இடமிராது. மதிப்பெண்களும் அவ்வாறே நடுவில் நெருங்கி நிற்கின்றன. உச்சியில் அரை மதிப்பெண் சில பேரைத் தாண்டும். நடுவில் அதே அரை மதிப்பெண் பெருங்கூட்டத்தைத் தாண்டும். தேர்வு எளிதாக இருந்த ஆண்டில் கூட்டம் முழுவதும் மேலே நகர்ந்துவிடும். மதிப்பெண் அப்படியே இருக்கத் தரவரிசை கீழே போகும். வரிசையில் நிற்கும் இடத்தைத்தான் கணினி பார்க்கிறது.

எத்தனை விருப்பங்கள் எழுதலாம்? நிறைய எழுதலாம். பத்தோடு நிறுத்திக்கொண்டு அந்தப் பத்தும் தீர்ந்துபோனால் அந்தச் சுற்றில் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் கிடைத்தாலும் போகமாட்டேன் என்று தெரிந்ததை எழுதாதீர்கள். இதைத் தீர்மானிக்க வீட்டிலேயே ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுவது நல்லது. கல்லூரியின் பெயர், அதன் எண், பாடப்பிரிவின் இரண்டெழுத்துக் குறியீடு. ஒரே மாதிரிப் பெயருடைய கல்லூரிகள் பல உள்ளதால் எண்தான் நம்பத்தகுந்தது. மற்றொரு கட்டத்தில் பயண நேரம். கடற்கரை நிலையத்தில் ஏறினால் கிண்டியும் குரோம்பேட்டையும் ஒரே மின்ரயிலில் வந்துவிடும். பேசின் பிரிட்ஜில் ஏறினால் ஆவடிப் பக்கமும் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் போகலாம். நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் உள்ள கல்லூரி என்றால் கல்லூரிப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். இந்த நோட்டோடு கணினி மையத்துக்குப் போனால், வரிசையை நீங்கள் சொல்வீர்கள். அங்குள்ளவர் தட்டச்சு மட்டும் செய்வார்.

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தனி. தங்கசாலைப் பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி என அருகிலேயே இருக்கின்றன. பொறியியல் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அவற்றின் கடைசி நாள் கடந்துவிடலாம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் கணினி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியானால் மாற்றித் தருமாறு கேட்கலாம். வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் கணினி, கிடைத்த இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியவற்றை மட்டுமே பார்க்கும். மாற்றம் கிடைத்துவிட்டால் பழைய இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. விடையளிக்கக் குறிப்பிட்ட நாளும் நேரமும் உண்டு. அதற்குள் உறுதி செய்யாதவரின் இடமும் அடுத்தவருக்குத்தான். ஆகையால் அந்த நாட்களில் பதிவு செய்த கைபேசி உங்கள் கையில் இருக்கட்டும். அப்பாவோடு அது துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விடக் கூடாது.