ஊக்கு

ஊக்கு என்பது துணிகளை ஒன்றோடொன்று இணைக்கவும் ஆடை நழுவாமல் நிறுத்தவும் பயன்படும், சுருள்வில்லும் மூடியும் கொண்ட ஊசி ஆகும். பேச்சு வழக்கில் இது சேப்டி பின் என்றும் அழைக்கப்படுகிறது. இன்றைய ஊக்கின் வடிவத்துக்கு அமெரிக்கரான வால்டர் ஹண்ட் 1849ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

முன்னோடிகள்

தைக்கப்படாத ஆடைகளைப் போர்த்திக்கொண்ட காலத்திலேயே அவற்றை உடலில் நிறுத்தும் தேவை எழுந்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டளவில் கிரேக்கத்தின் மைசீனியப் பண்பாட்டில் பிபுலா எனப்படும் வெண்கல ஊசிகள் பயன்பட்டன. வில்போல் வளைந்த உடலும், சுருளும், ஊசிமுனையைத் தாங்கும் கொளுவியும் இவற்றில் இருந்தன. பின்னர் உரோமானியர் தம் மேலாடைகளைத் தோளில் இணைக்க அழகிய வேலைப்பாடு கொண்ட பிபுலாக்களை அணிந்தனர். எனினும் பிற்காலத்தில் எளிய மக்களிடையே நேரான குண்டூசியே மிகுதியாகப் பயன்பட்டது. அது எளிதில் கழன்று விழுந்தது, வளைந்தது, அணிந்தவரின் உடலையும் விரலையும் குத்தியது.

ஹண்டின் ஊக்கு

ஹண்ட் நியூ யார்க் மாநிலத்தில் 1796ஆம் ஆண்டு பிறந்தவர். ஒரு வரைபடக் கலைஞருக்குத் தர வேண்டியிருந்த 15 டாலர் கடனை அடைக்க வழி தேடியபோது, கம்பி ஒன்றை வளைத்து இதனை உருவாக்கினார் என்று கூறப்படுகிறது. 1849 ஏப்ரல் 10 அன்று 6,281 என்ற எண்ணுள்ள காப்புரிமை இவருக்கு வழங்கப்பட்டது. அதில் இதன் பெயர் 'ஆடை ஊசி' என்றே உள்ளது. ஒரே கம்பியால் ஆனதால் உடையக்கூடிய மூட்டோ தேயக்கூடிய அச்சாணியோ இதில் இல்லை. விரலைக் காயப்படுத்தாது என்பதோடு, அணிகலனாகவும் விளங்கும் என்று கருதி ஹண்ட் பல அலங்கார வடிவங்களையும் வரைந்து காட்டியிருந்தார்.

இயங்கும் முறை

கம்பியின் நடுவிலுள்ள சுருள், வில்லாகச் செயற்படுகிறது. ஊக்கை மூடும்போது ஊசிக்கால் உள்நோக்கி அழுத்தப்படுகிறது. சுருள் அதனை வெளிநோக்கித் தள்ளுவதால் முனை கொளுவியில் இறுகப் பற்றிக்கொள்கிறது. மீண்டும் அழுத்தி விலக்கினால் மட்டுமே அது திறக்கும். இன்றைய ஊக்குகளில், முனையை மறைக்கும் மூடி தனித் தகட்டால் செய்யப்பட்டுக் கம்பியில் பொருத்தப்படுகிறது.

காப்புரிமையும் வருவாயும்

ஹண்ட் இக்காப்புரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். பின்னர் ஊக்கு உலகெங்கும் பரவியபோது அதன் வருவாயில் அவருக்குப் பங்கு இருக்கவில்லை. 1830களின் முற்பகுதியில் அவர் பூட்டுத் தையல் இடும் தையல் இயந்திரத்தையும் உருவாக்கியிருந்தார். கையால் தைத்துப் பிழைக்கும் பெண்கள் வேலை இழப்பர் என்று அஞ்சியதால் அதற்குக் காப்புரிமை கோரவில்லை என்று கூறப்படுகிறது. 1846இல் எலியாஸ் ஹோவ் அத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் எழுந்த வழக்கில் ஹண்டே முந்தியவர் என ஏற்கப்பட்டபோதும், உரிய காலத்தில் விண்ணப்பிக்காததால் உரிமை ஹோவிடமே நின்றது. 1858இல் ஐசக் சிங்கர் ஹண்டுக்கு 50,000 டாலர் தர இசைந்தார். அத்தொகையைப் பெறும் முன்னரே 1859 சூனில் ஹண்ட் காலமானார். ஒரு பொருளை உருவாக்குவதும் அதன் பயனைப் பெறுவதும் வெவ்வேறு என்பதற்கு இவரது வாழ்க்கை எடுத்துக்காட்டாகும். 2006ஆம் ஆண்டில் இவர் பெயர் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழவையில் சேர்க்கப்பட்டது.

பயன்பாடு

குழந்தைகளின் அரைத்துணியை இணைக்க ஊக்கு நெடுங்காலம் பயன்பட்டது. சேலை அணிவோர் முந்தானையைத் தோளில் நிறுத்தவும் கொசுவ மடிப்புகள் கலையாதிருக்கவும் இதனைக் குத்திக்கொள்கின்றனர். தமிழ்நாட்டில் பெண்கள் அவசரத் தேவைக்கென ஊக்குகளை வளையலிலோ தாலிக் கொடியிலோ கோத்து வைப்பதுண்டு. 1970களில் பிரித்தானியாவின் பங்க் இசை இரசிகர்கள் கிழிந்த உடைகளில் ஊக்குகளை வெளிப்படையாக அணிந்து, அதனை ஓர் அணிகலனாகவே ஆக்கினர்.