தைராய்டு மாத்திரை கூடினால் முதுமையில் இதயம் தடுமாறும்

காலையில் காபிக்கு முன்னால் ஒரு தைராய்டு மாத்திரை. பல வீடுகளில் பாட்டியின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டாக்டர் எழுதிக் கொடுத்தது 100 மைக்ரோகிராம். காலி டப்பாவைக் காட்டினாலே மருந்துக் கடையில் கிடைத்துவிடுகிறது. இதற்கிடையில் பாட்டிக்கு எடை குறைந்துவிட்டது, சாப்பாடு பாதியாகிவிட்டது. மாத்திரையின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருநாள் "நெஞ்சு படபடங்குது" என்கிறார். "வயசாச்சுல்ல" என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது.

இதயத்துக்கு என்ன ஆகிறது?

இதயத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவற்றில் தைராய்டு ஹார்மோனும் ஒன்று. அது அளவுக்கு மேல் போனால் துடிப்பு கூடும். வயதான இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கலாம். இதுதான் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. மேலறைகளில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 60 வயதைக் கடந்த சுமார் 2,000 பேரைப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். 1994-ல் வெளியான அந்த ஆய்வில், ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) அளவு 0.1-க்கு மேல் போகாதவர்களுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு, அளவு சரியாக இருந்தவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது.

எண்ணைத் தலைகீழாகப் படிக்காதீர்கள்

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. "இன்னும் சுரந்து கொடு" என்று பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. உடம்பில் ஹார்மோன் போதாதபோது கட்டளை கூடும், மிஞ்சினால் குறையும். ஆகவே ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் அதிகம் என்று பொருள். "தைராய்டு குறைஞ்சிருக்கு" என்று எண்ணி நீங்களாக மாத்திரையைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பெரியவர்களுக்குச் சாதாரண அளவு பொதுவாக 0.4 முதல் 4 வரை. எழுபதைக் கடந்தவர்களுக்கு 5, 6 என்று சற்றுக் கூடியிருப்பது வயதின் இயல்பாகவும் இருக்கலாம். 65 வயதைக் கடந்து, டி.எஸ்.எச். லேசாகக் கூடியிருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் (2017) களைப்போ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. எனவே "இந்த வயதில் மாத்திரை கட்டாயம் தேவையா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

தைராய்டு மாத்திரை சாப்பிடும் முதியவர்கள், கழுத்தில் நீண்டநாள் கழலை உள்ளவர்கள், இதயத் துடிப்புக்காக அமியோடரோன் சாப்பிடுபவர்கள். அமியோடரோனில் அயோடின் மிக அதிகம். அது தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம்.

முதியவர்களிடம் கைநடுக்கமும் வியர்வையும் தெரியாமலே போகலாம். காரணமில்லாத எடைக் குறைவு, சோர்வு, மூச்சிரைப்பு, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். ஓய்வில் 100-க்கு மேல் இருந்தாலோ, தாளம் தப்பித் தப்பித் துடித்தாலோ ஈ.சி.ஜி.யும் டி.எஸ்.எச். பரிசோதனையும் தேவை. படபடப்பு வந்து வந்து போகிறதென்றால் ஒரு ஈ.சி.ஜி.யில் சிக்காது, 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி உதவும்.

மாத்திரையின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பரிசோதனை முடிவு பிசகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் குறைந்தாலும் இதயத்துக்குக் கேடுதான். அளவைத் திருத்துவது டாக்டரின் வேலை. தைராய்டு சரியான நிலைக்கு வந்ததும் பலருக்குத் துடிப்பும் தானே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

உங்கள் உரிமை

எந்த அளவு, ஏன், எத்தனை நாள், மறுபரிசோதனை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். அங்கே பேசப்போவது சீட்டுகளும் ரிப்போர்ட்டுகளும்தான். அவற்றைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.

இன்று சாயங்காலம் அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைசியாக டி.எஸ்.எச். பார்த்தது எப்போது என்று கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால் நாளைக் காலை மாத்திரைக்கு முன்பே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.