ஒரு பருவம், வேறொரு நாட்டில்

இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொராடி என்ற சட்ட மாணவி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று 1958-இல் ரோம் திரும்பினார். அமெரிக்காவில் படித்ததைத் தன் சட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி ரோமில் தன் பல்கலைக்கழகத்தைக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த அவமானத்தை அவர் மறக்கவேயில்லை. இன்னொரு மாணவருக்கு இப்படி நேரக்கூடாது என்று பல ஆண்டுகள் அதிகாரிகளிடம் விடாமல் வாதாடினார்.

அவர் கேட்டது கடைசியில் நடந்தது: 1987-இல் ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

இன்று எராஸ்மஸ் மாணவர் கிளம்பும் முன்பே, போகும் இடத்தில் என்னென்ன பாடங்கள் படிப்பார் என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவரும் அதில் கையெழுத்திட வேண்டும். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற புள்ளிகளில் கணக்கிடுகிறார்கள்; ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) வழக்கமாக 30 கிரெடிட். தேறிவிட்டால் அவை சொந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறிவிடும். போன இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. உதவித்தொகை உண்டுதான், ஆனால் வாடகை அதிகமுள்ள நகரங்களில் அது போதாது. அதனால் நாலைந்து பேர் ஒரே வீட்டைப் பிடித்து, முறைவைத்துச் சமைக்கிறார்கள். புது மொழி நாக்கில் படிவது வகுப்பறையைவிட அந்தச் சமையலறையில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க நினைத்தால், எந்த ஊரில் இருந்தாலும், விமான டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் கல்லூரியில் கேட்டுவிடுங்கள்: அங்கே வாங்கும் கிரெடிட்டை இங்கே ஏற்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.