ராஜ சாரதிகள் – 12: வர இயலாது என்று சொல்லும் உரிமை

சூரபத்மன் முருகப் பெருமானுக்கு வாகனமாக விரும்பி மயில் உருக்கொண்டு தவம் இயற்றிய குன்று என்று தல புராணம் கூறும் மயிலத்தில் பிறந்து, பங்குனி உத்திரத் தேரின் வடத்தைப் பிடித்து வளர்ந்தவன் நான். ஆதலால், தேருக்குள் எழுந்தருளியிருப்பவரை ஊரே தரிசித்துக்கொண்டிருக்கும்போது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிற ஆசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கெட்ட வழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. இந்தத் தொடர் முழுவதுமே அந்த வழக்கத்தின் விளைவுதான். சென்ற வாரம் பல்லக்குச் சுமந்தவர்களைப் பற்றிப் பேசினோம். அவர்களுடைய தோளிலிருந்து இறங்கி, இந்த வாரம் ஆகாயத்தில் ஏறுவோம்.

சில வருஷங்களுக்கு முன், எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு டில்லியிலிருந்து ஒரு பெரியவர் ஹெலிகாப்டரில் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. மல்லாட்டை பிடுங்கிக் காய்ந்து கிடந்த கொல்லை ஒன்றைச் சமப்படுத்தி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, நடுவே ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து, சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் ஒன்று போட்டார்கள். வட்டத்துக்குள் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். அந்த எழுத்தை அறியாத கொத்தனார், “ரெண்டு பந்தக்கால், நடுவுல ஒரு குறுக்குக் கழி, அவ்வளவுதானுங்களே?” என்று கேட்டுக்கொண்டு, ஓவர்சியர் காகிதத்தில் வரைந்து காட்டியதைவிட லட்சணமாகவே எழுதி முடித்தார். புழுதி கிளம்பாமலிருக்கத் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் தெளித்தது. கூட்டேரிப்பட்டுக் கூட்டு ரோடு வரையில் பந்தோபஸ்து.

ஜனங்கள் காலை எட்டு மணியிலிருந்து நின்றார்கள். பத்து மணிக்குப் புதுச்சேரிப் பக்கம் கடலிலிருந்து மேகம் ஏறியது. பத்தரைக்கு மயிலம் குன்றின் கோபுரம் மறைந்தது. பதினோரு மணிக்கு, கம்பியில்லாக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டிருந்த அதிகாரி, வரவில்லை என்று கையை விரித்தார். “நாலு தூத்தலுக்குப் பயந்துட்டான்யா பைலட்டு” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். என் பக்கத்தில், விமானப் படையில் தரைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் நின்றிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணே, மேல இருந்து பாக்கிறவங்க சொல்றது அது. கீழ குடை புடிச்சுக்கிட்டு நிக்கிற நாம என்னத்தச் சொல்றது?” என்றார். சிறிது நேரத்தில் மழை வலுத்து, கொத்தனார் எழுதிய எழுத்து வெள்ளைக் குழம்பாக ஓடி வரப்போரம் தேங்கியது. பெரியவர் வராததில் எனக்கு வருத்தமில்லை. அவரை வர முடியாமல் செய்த மனிதர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து கூடவே வருகிறது.

நம் தேசத்தில் ஜனாதிபதியையும் பிரதம மந்திரியையும் ஆகாய மார்க்கமாக உள்நாட்டில் ஏற்றிச் செல்லும் பொறுப்பு, டில்லி பாலம் விமான தளத்தில் 1947-இல் தொடங்கப்பெற்ற விமானப் படைத் தலைமையகத் தொடர்புப் பிரிவைச் சேர்ந்தது. 1954-இல் சிகோர்ஸ்கி எஸ்-55 என்னும் அமெரிக்க யந்திரம் வந்து சேர்ந்ததிலிருந்து நம் விமானப் படை ஹெலிகாப்டர் ஓட்டி வருகிறது. பின்னர் ருஷ்யாவின் எம்.ஐ-4, எம்.ஐ-8, இப்போது எம்.ஐ-17 வி5. இந்தக் கடைசி யந்திரம் முழுச் சுமையில் 13,000 கிலோ எடை உடையது. அதன் மேல் விசிறியின் விட்டம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது எங்கள் ஊரில் இரண்டு வீட்டு மனைகளை அடைத்துக்கொள்ளும். வழக்கமாக மூன்று ஹெலிகாப்டர்கள் சேர்ந்து பறக்கும். இறங்குமிடத்தை முன்கூட்டியே பார்த்து, மின்கம்பி எங்கே செல்கிறது, தென்னை எவ்வளவு உயரம், பந்தலின் தகரம் பறந்து வருமா என்றெல்லாம் கணக்கிட்ட பிறகே பெரியவர் ஏறுகிறார்.

கம்பி என்றால் அலட்சியம் வேண்டாம். 1963 நவம்பர் 22-ஆம் தேதி, டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட அதே தினத்தில், காஷ்மீரத்தின் பூஞ்ச் அருகே ஆற்றின் குறுக்கே சென்ற தந்திக் கம்பிகளில் மோதி விழுந்த ஹெலிகாப்டரில், மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங் உள்ளிட்ட ஐந்து உயர் அதிகாரிகளும் விமானியும் மாண்டார்கள். பெரிய அதிகாரிகள் பலர் ஒரே ஹெலிகாப்டரில் சேர்ந்து பறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தக் கம்பியில் பிறந்ததுதான். தரையும் ஏமாற்றும்: 2025 அக்டோபர் 22-இல் சபரிமலை யாத்திரைக்குச் சென்ற ஜனாதிபதி திரௌபதி முர்முவின் ஹெலிகாப்டர், வானிலை காரணமாக நிலக்கல்லில் இறங்காமல் பத்தனம்திட்டைப் பிரமாடம் மைதானத்தில் இறங்கியபோது, அவசரமாகப் போட்டு இன்னும் இறுகாதிருந்த கான்கிரீட்டில் சக்கரங்கள் புதைந்தன. ஜனாதிபதி பத்திரமாக இறங்கி மோட்டாரில் போய்விட்டார். அந்தப் பெரிய யந்திரத்தைப் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் கையால் தள்ளிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டபோது, மழைக்காலத்தில் தேர்ச்சக்கரம் புதைந்து ஊரே ‘ஏலேலோ’ போட்ட நாள்தான் என் ஞாபகத்துக்கு வந்தது.

கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் பரிகாரம் உண்டு, முன்னதாகவே பார்த்துக்கொள்ளலாம். மேகத்துக்கு அப்படி இல்லை. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி காலை 11.48-க்குச் சூலூரிலிருந்து கிளம்பிய எம்.ஐ-17 வி5, 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும், 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. அதில் இருந்தவர் ராஜ்யத் தலைவர் அல்லர். முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத். ஓட்டியவர் சூலூர் 109-ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் தலைவரான விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான். பக்கத்தில் ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். காட்டேரி அருகே, நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரின் பக்கத்தில் அது மரங்களில் மோதி எரிந்தது. அவ்வூர்த் தோட்டத் தொழிலாளர்கள் போர்வையும் தண்ணீருமாக ஓடி வந்தார்கள். பதினான்கு பேரில் பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் கண் மூடினார்.

முப்படையினரின் விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தெரிவித்த முடிவில், யந்திரக் கோளாறும் சதியும் அலட்சியமும் காரணமல்ல என்று தள்ளப்பட்டன. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறவே ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசைப் புலன் மயங்கியது. நல்ல நிலையில், விமானியின் கட்டுப்பாட்டிலேயே இருந்த யந்திரம் தரையில் மோதியது. இந்தத் திசைப் புலன் மயக்கம் என்பது என்ன? திருவிழாவில் குடைராட்டினம் சுற்றி நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்: நின்றுவிட்ட ராட்டினம் எதிர்ப்புறமாகச் சுழல்வதாகவே உடம்பு சாதிக்கும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய திரவம் செய்கிற வேலை அது. கண்ணைத் திறந்தால் பிரமை தீர்ந்துவிடுகிறது. மேகத்துக்குள் இருப்பவனோ கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் வெண்மை ஒன்றைத்தான் காண்கிறான். எதிரே இருக்கும் கருவிகளின் முட்களை நம்பு என்று வருஷக் கணக்கில் பயின்ற புத்தி ஒருபுறமும், நீ சாய்ந்துகொண்டிருக்கிறாய் என்று அலறும் உடம்பு மறுபுறமும் இழுக்க, மலைச் சரிவுக்கு அருகில் அவனுக்குக் கிடைப்பது சில விநாடிகள். மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கையில், 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் 34 விமானப் படை விபத்துகளை வரிசையிட்ட பட்டியலில், இந்த விபத்துக்கு எதிரே ‘மனிதத் தவறு, விமானக் குழு’ என்று எழுதியிருக்கிறது. பட்டியலுக்கு அவ்வளவுதான் இடம் உண்டு.

மேகத்துக்குள் போன பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்; போவதற்கு முன் சொல்லக்கூடியது ‘இயலாது’ என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்பதற்குப் போலந்து தேசத்தின் கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 2003 டிசம்பர் 4-ஆம் தேதி, பிரதம மந்திரி லெஷெக் மில்லர் வார்ஸாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எம்.ஐ-8 ஹெலிகாப்டரின் இரண்டு யந்திரங்களும், பனிக்கட்டி படிந்ததனால், நகரை நெருங்கும் சமயத்தில் அடுத்தடுத்து நின்றுபோயின. யந்திரம் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழும் என்று எண்ணுகிறோம். அப்படியல்ல: பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பையன் ஓடினால் எதிர்க்காற்றில் அது தானே சுழல்கிற மாதிரி, விழும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றும், அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்திருந்து, தரைக்குச் சற்று மேலே, ஒரே முறை செலவழித்து இறங்க வேண்டும். இரவில், காட்டுக்கு மேலே, மேஜர் மாரெக் மிலோஷ் அதைச் செய்தார். ஹெலிகாப்டர் நொறுங்கியது, பிரதமர் முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஆனால் இருந்த பதினைந்து பேரும் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தவரைப் பனி நீக்கும் சாதனத்தை இயக்கவில்லை என்று குற்றஞ்சாட்டிக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2010-இல்தான் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

மேஜர் மிலோஷின் படைப்பிரிவிலேயே 2008 ஆகஸ்டில் இன்னொரு சம்பவம். ருஷ்யா ஜார்ஜியாவுடன் யுத்தம் நடத்திக்கொண்டிருந்த நாட்களில், போலந்து ஜனாதிபதி லெஹ் கச்சின்ஸ்கி மற்ற சில தேசத் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசிக்கு நேரே போக விரும்பினார். விமானத்தின் கேப்டன் கிஷெகோஷ் பியெத்ருசுக், அந்த வானம் அபாயமானது என்று மறுத்து, அண்டை தேசமான அசர்பைஜானில் இறக்கிவிட்டார். தலைவர்கள் அங்கிருந்து சாலை வழியே போனார்கள். ஜனாதிபதிக்குக் கோபம், பாதுகாப்பு மந்திரியோ கேப்டனுக்குப் பதக்கம் கொடுத்தார். இது ஹெலிகாப்டர் அல்ல, விமானம். ஆனாலும் நம் விஷயம் இதுதான். அன்று துணை விமானியாகப் பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர், 2010 ஏப்ரல் 10-இல் அதே ஜனாதிபதியை ஏற்றிக்கொண்டு, மூடுபனி கவிந்த ஸ்மோலென்ஸ்க் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய விமானத்தின் கேப்டன். அதில் இருந்த 96 பேரும் மாண்டார்கள். அவர் மனத்தில் 2008-இன் கோபம் நிழலாடியதா என்று எந்த விசாரணையும் அறுதியிட்டுக் கூற இயலாது, நானும் கூறப்போவதில்லை. அந்தப் படைப்பிரிவு மறு வருஷமே கலைக்கப்பட்டது.

ஈரானைப் பற்றி நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2024 மே 19-இல், எல்லையில் அணை திறந்துவிட்டு மூன்று ஹெலிகாப்டர்களாகத் திரும்பியபோது, இரண்டு ஊர் சேர்ந்தன. ஜனாதிபதி இப்ராஹிம் ரயீசி இருந்த பெல் 212 சேரவில்லை. மலை, பனிமூட்டம், அதே கதை.

நம் பக்கம் மறுப்புகளும் உண்டு. 2022 ஜனவரி 5-இல் பட்டிண்டாவிலிருந்து ஹுசைனிவாலாவுக்குப் பிரதமர் மோடி ஹெலிகாப்டரில் போவதாயிருந்தது; மழையும் மங்கலும் தெளியாமையால் சாலையில் புறப்பட்டு, மறியலால் ஒரு மேம்பாலத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்ந்தது. மறியல் யாருடைய குற்றம் என்று தேசம் மாதக் கணக்கில் வாதிட்டது. அன்று பறக்காமலிருந்தது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை, அது சரி என்பதே காரணம். 2025 செப்டம்பர் 13-இல் மணிப்பூரிலும் அப்படியே: இம்பாலில் கனமழை, சுராசாந்த்பூருக்குப் பிரதமர் மோட்டாரிலேயே போனார். பாதுகாப்பு என்ற பெயரில் எத்தனையோ ஆடம்பரங்களைச் செய்கிறோம். என் அபிப்பிராயத்தில், மழை பெய்யும்போது மோட்டாரில் போவதைவிடப் பெரிய பாதுகாப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கள் மழையை நான் அறிவேன். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த இரவில் ஜன்னலருகே உட்கார்ந்து, எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாத வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் சிரித்தவரின் நினைவு வந்தது.

ஆகையால் விமானப் படையாருக்கு ஒரு விண்ணப்பம். விழுந்தவற்றுக்குப் பட்டியல் இருக்கிறது. அது பாராளுமன்றம் வரை வருகிறது. பெரியவர் காத்திருக்க, மந்திரி அவசரப்படுத்த, ஜனங்கள் மைதானத்தில் கூடியிருக்க, வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு “இன்று இயலாது” என்று விமானி ஒருவர் சொன்ன தினங்களுக்கு ஒரு பட்டியல் என் கண்ணில் இதுவரை பட்டதில்லை. பெயர் வேண்டாம், தேதியும் ஊரும் வானிலையும் போதும். வருஷத்துக்கு ஒரு முறை அதையும் அச்சிட்டு வெளியிடுங்கள்.

(தொடரும்)