சாதி தனித்து இயங்குவதில்லை: இரு மாறிச் சோதனை நமக்கு உணர்த்துவது

'தகுதி' என்ற சொல் இடஒதுக்கீட்டுக்கு எதிராக ஓயாமல் வீசப்படுகிறது. அத்தகுதி எத்தகைய சூழலில் அளக்கப்பட்டது என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சாரா மாறிகளைக் கொண்டு வடிவமைக்கப்படும் உளவியல் சோதனை அக்கேள்வியை எழுப்புகிறது.

பொருளியலாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்திய சோதனை, 2004இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக வெளிவந்தது. 6, 7ஆம் வகுப்பு மாணவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேரும் ஆதிக்கச் சாதியினர் 321 பேரும் பங்கேற்றனர். தாளில் வரையப்பட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி காண வேண்டும். வெற்றிக்குப் பணம் உண்டு. முதல் மாறி, மாணவரின் சாதி. இரண்டாவது மாறி, அது குழுவின் முன் அறிவிக்கப்பட்டதா என்பது. சில குழுக்களில் தந்தை, பாட்டனார் பெயர்களோடு சாதியும் உரக்கப் படிக்கப்பட்டது.

இரண்டு மாறிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். ஆக நான்கு கட்டங்கள். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பினரும் ஏறத்தாழச் சமமாகவே புதிர்களை விடுவித்தனர். இரு தரப்பினரும் கலந்திருந்த குழுக்களில் அறிவிக்கப்பட்டபோதோ, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களின் செயல்திறன் சரிந்தது. ஒரு மாறியின் தாக்கம் மற்றொன்றின் நிலையைப் பொறுத்து மாறுவதையே 'இடைவினை விளைவு' என்பர். சாதியை மட்டும் ஒப்பிட்டிருந்தால், 'இவர்களுக்குத் திறன் குறைவு' என்ற பொய்யே முடிவாகியிருக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஆய்வாளர் எவருக்கும் சாதியை ஒதுக்க முடியாது. அது பிறப்பால் சுமத்தப்பட்டது. ஆனால் யாருடைய சாதியை அறிவிப்பது என்பதைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் தீர்மானிக்கலாம். ஆகவே, சரிவுக்குக் காரணம் பிறப்பன்று, அறிவிப்பே என்று கூற முடிகிறது.

சட்டமும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நிகழ்ந்ததாக நிறுவுமாறு கோரியது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'என்று அறிந்தே' என மாற்றியது. பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021), பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையை விசாரித்த உச்ச நீதிமன்றம், சாதி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவை பின்னிப் பிணைந்து ஒடுக்குவதை ஏற்றது. சாதி மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை என்றும் கூறியது. எனினும், திருத்தத்திற்கு முந்தைய குற்றம் என்பதால் பழைய அளவுகோலே பொருந்தியது. போதிய சான்றில்லை என்று அப்பிரிவின் கீழான தண்டனையை நீக்கியது.

கொல்லிமலையின் குண்டூர் நாட்டிலிருந்து சமவெளிக்குப் படிக்க வரும் பழங்குடி மாணவியை எண்ணிப் பார்ப்போம். பழங்குடியினர் என்றொரு பட்டியலிலும் பெண்கள் என்றொரு பட்டியலிலும் அவரைத் தனித்தனியே எண்ணினால், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அவர் படும்பாடு பதிவாகாது. அரசின் ஆய்வுகளும் நீதிமன்றச் சான்றுகளும் அந்தக் கட்டத்தைத் தனியே காட்ட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.