எந்தப் படகு நல்ல படகு?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆழம் தெரிந்த தண்ணீரிலும் படகைத் தெரிந்துகொள்ளாமல் காலை விடக் கூடாது என்பது என் தாத்தாவின் வாக்கு. எங்கள் குமரி மாவட்டத்து வழக்கப்படி தாத்தாவை நாங்கள் 'பாட்டா' என்றே அழைப்போம். அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் தொழில் செய்தவர்.

சென்ற ஆண்டு என் மாமா வளைகுடா நாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயலில், மாலை வேளைகளில் குடும்பத்தோடு உலாவி வர ஒரு படகு வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் படகைத் தேடி அலைந்த மூன்று மாதங்களில் பாட்டாவிடமிருந்தும், என் பௌதிகப் புத்தகத்திலிருந்தும் நான் கற்றவற்றை என் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். "நாங்கள் எங்கே படகு வாங்கப் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். வாங்காவிட்டாலும் சுற்றுலா சென்ற இடத்தில் என்றாவது ஒரு படகில் ஏறத்தானே போகிறோம்? ஏறுவோரும் வாங்குவோரைப் போலவே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதற் கேள்வி

கடைக்குச் சென்றதும் "என்ன விலை?" என்று கேட்பது நம் வழக்கம். படகு வாங்குவோர் முதலில் தம்மைத்தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தத் தண்ணீரில் விடப் போகிறோம்? எத்தனை பேர் ஏறப் போகிறோம்?

ஏரித் தண்ணீர் வேறு, காயல் தண்ணீர் வேறு, கடல் வேறு. காயலில் ஆழம் குறைவு. சில இடங்களில் மணல் திட்டு இருக்கும். பொழிமுகத்தின் அருகே கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரோட்டம் வலுக்கும். ஏரியில் அழகாக மிதக்கும் மிதிபடகை அங்கே கொண்டு சென்றால் அது நீரோட்டத்தின் கையில் பொம்மையாகிவிடும்.

தண்ணீருக்கு ஏற்றபடி படகின் அடிப்பாகத்தின் வடிவமும் மாற வேண்டும். தட்டையான அடியுள்ள படகு ஆழமில்லாத இடத்திலும் செல்லும். ஏறும்போது அதிகம் ஆடாது. ஆனால் அலை வந்தால் 'தொப்பு, தொப்பு' என்று மோதும். கத்திமுனை போன்ற அடியுள்ள படகு அலையைக் கிழித்துச் செல்லும். ஆனால் அதற்கு ஆழம் வேண்டும், எஞ்சினுக்கு வலிமையும் வேண்டும். இரட்டை உடல் கொண்ட படகு எளிதில் சாயாது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கட்டமரான்' என்ற பெயர் நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து சென்றது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையதோ இரண்டு உடல்களை இணைத்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கு

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த நான், முதன்முறையாக ஒரு படகுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

படகு 5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்று கொள்வோம். பெருக்கினால் 9 சதுர மீட்டர். ஆனால் முன்பகுதியாகிய அணியம் ஒடுங்கியிருப்பதால், நீர்மட்டத்தில் படகு அடைத்துக்கொள்ளும் பரப்பைச் சுமார் 6.3 சதுர மீட்டர் எனலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விலகும் நீர் 10 லிட்டர், அதாவது 10 கிலோ. ஆகவே இந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ 63 கிலோ எடை வேண்டும். ஏறக்குறைய ஒரு ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர்! எட்டுப் பேரும் எஞ்சினும் எரிபொருளும் சேர்ந்து 540 கிலோ என்றால் படகு சுமார் 8.6 சென்டிமீட்டர் அமிழும்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் கூடினால் பதின்மூன்று பேர். அதையும் கணக்கிட்டேன். 13.3 சென்டிமீட்டர்தான் வந்தது! "பாட்டா, பதின்மூன்று பேரும் ஏறலாம். அதற்குப் பிறகும் தண்ணீருக்கு மேலே விளிம்பு முழம் அளவு தெரியும்" என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். பாட்டா சிரித்தார். "மக்களே, உன் கணக்கில் எல்லாரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் தம்பி அப்படி உட்காருவானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் படகு வாங்குவதன் உயிர்நாடியே இருக்கிறது.

சாய்ந்தால் நிமிருமா?

படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் அதிகமாக அமிழ்கிறது. அமிழ்ந்த பக்கத்தில் நீர் மேல்நோக்கி அதிகமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே படகை மீண்டும் நிமிர்த்துகிறது. ஆனால் படகின் எடை உயரத்தில் இருந்தால், சாயும்போது ஈர்ப்பு மையமும் அந்தப் பக்கமாகவே நகர்ந்துவிடும். நீரின் தள்ளுதலைத் தாண்டி அது வெளியே சென்றுவிட்டால், பிறகு படகு நிமிராது, கவிழும். எனவேதான் எடை தாழ இருக்க வேண்டும், படகு அகலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றாலே ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடுகிறது.

அடியில் தேங்கிய தண்ணீரும் ஒரு பகைவன். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கை சிறிது தாழ்ந்த பக்கமே தண்ணீர் முழுவதும் ஓடி, மேலும் தாழ்த்தும். கசிகின்ற படகிலும் இதுவே நிகழும்.

சரித்திரத்தில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. சுவீடன் நாட்டு அரசர் கட்டுவித்த 'வாசா' என்ற போர்க்கப்பல் அழகிய சிற்பங்களும் 64 பீரங்கிகளும் கொண்டது. புறப்படுவதற்கு முன் அதன் மேல்தளத்தில் முப்பது பேரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அஞ்சிச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் புறப்பட்ட அக்கப்பல், சுமார் 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து மூழ்கியது. 1961இல் அதை வெளியே எடுத்தார்கள். இன்றும் அது அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நான் விரும்பிய படகு

இப்போது என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்த்த படகுகளுள் ஒன்று என் மனத்தைக் கொள்ளைகொண்டது. வெள்ளையும் நீலமும் பூசி, மேலே ஒரு தளம் அமைத்து, சுற்றிலும் கம்பி வைத்து, நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். அந்த மேல்தளத்தில் தம்பியோடு அமர்ந்து காற்று வாங்குவதாகக் கற்பனைகூடச் செய்துவிட்டேன். "இதையே வாங்குங்கள் மாமா" என்று கெஞ்சியவள் நான்தான். விலையும் குறைவாக இருந்ததால் மாமா முன்பணம் கொடுக்கத் தயாரானார்.

பாட்டா விற்பவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "இது முன்னே என்னவாக இருந்தது?" மீன்பிடிக்கும் பைபர் வள்ளமாக இருந்ததை இப்படி மாற்றினார்களாம். உடனே பாட்டா, மாமாவையும் விற்பவரையும் இரண்டு வேலையாட்களையும் அழைத்துக்கொண்டு மேல்தளத்தில் ஏறி, ஐவரும் ஒரே பக்கமாக நின்றார்கள். படகு கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில்தான் கட்டியிருந்தது. அது சாய்ந்தது. அவர்கள் நடுவுக்கு வந்த பிறகும் உடனே நிமிரவில்லை. சிறிது நேரம் யோசிப்பது போல் நின்று, பிறகு மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தது.

"எவ்வளவு மெதுவாக, சுகமாக ஆடுகிறது!" என்றேன் நான். "அந்தச் சுகம்தான் ஆபத்து" என்றார் பாட்டா. வெடுக்கென்று நிமிரும் படகு நமக்கு வயிற்றைக் கலக்கலாம். ஆனால் அதில் நிமிரும் வலிமை மிகுதி. தொட்டில் போல் சோம்பி ஆடும் படகில் அந்த வலிமை குறைவு. இதை எந்தக் கருவியும் இல்லாமல் எவரும் கவனிக்கலாம்.

அன்றிரவு மாமா சில பழைய செய்திகளைப் படித்துக் காட்டினார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளங்கள் கொண்ட உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் உலாச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பலர் குழந்தைகள். மேல்தளத்தில் நான் கற்பனை செய்த நாற்காலி என் கண்முன் வந்தது. எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

மரமா, பைபரா?

மரப்படகு பார்வைக்கு அழகு. பழுதானால் ஊரிலேயே ஆசாரியைக் கொண்டு சரிசெய்யலாம். ஆனால் பலகைகளின் இடுக்குகளை அவ்வப்போது அடைக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும். இல்லையேல் கசியும், உளுத்துப்போகும். பைபர் படகு எடை குறைவு, உளுக்காது, பராமரிப்பும் எளிது.

பழைய பைபர் படகு வாங்குவோர் ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். 'டிக், டிக்' என்று கூர்மையாக ஒலித்தால் நல்லது. திடீரென்று 'தொம்' என்று மழுங்கி ஒலித்தால், அங்கே அடுக்குகள் பிரிந்தோ நீர் புகுந்தோ இருக்கலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் அவசியம். உள்ளே மரம் வைத்துச் செய்திருந்தால், அம்மரம் நைந்திருக்கக்கூடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த படகையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டுமாம். விரிசலை மறைக்கப் பெயிண்ட் நல்ல துணை!

எஞ்சினும் மிதவைச் சட்டையும்

பெரிய எஞ்சின் வாங்கினால் வேகமாகச் செல்லலாம் என்று நான் நினைத்திருந்தேன். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் சாதாரணப் படகுக்கு அதன் நீளமே வேக எல்லையை வகுக்கிறது. படகு தானே எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்வதே காரணம். 16 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். காயலில் உலாவ அது போதாதா? மிகப் பெரிய எஞ்சின் பின்பகுதியை அமிழ்த்தும், எரிபொருளையும் குடிக்கும். எஞ்சின் நின்றுபோனால் கரைசேர இரண்டு துடுப்புகள் எப்போதும் படகில் இருக்க வேண்டும்.

லைப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை ஆளுக்கொன்று வேண்டும். அது மூட்டையாகக் கட்டி மூலையில் கிடக்கக் கூடாது; உடம்பில் இருக்க வேண்டும். பெரியவர்களின் சட்டை குழந்தைக்கு உதவாது. தண்ணீரில் விழுந்தால் தலைவழியே கழன்றுவிடும். எனவே குழந்தைகளுக்குத் தனி அளவு வாங்க வேண்டும்.

எஞ்சின் பொருத்திய உள்நாட்டுப் படகுகளைச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்துள்ளது. பழைய படகு வாங்குவோர் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தரக் கூடாது. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையையும் கேட்டறிய வேண்டும்.

முடிவாக

மாமா கடைசியில் வாங்கியது 16 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு எளிய பைபர் படகு. மேல்தளம் இல்லை, நாற்காலி இல்லை. தாழ்வான பலகை இருக்கைகள், கவிழ்ந்தாலும் மூழ்காதபடி இருக்கைக்கு அடியில் அடைத்த நுரைப்பொருள், எட்டு மிதவைச் சட்டைகள். பார்ப்பதற்கு நான் விரும்பிய படகின் அழகில் பாதிகூட இல்லை. பாட்டா அதிலும் ஐவரை ஒரே பக்கம் நிற்க வைத்தார். சாய்ந்த படகு வெடுக்கென்று நிமிர்ந்தது; மாமா மட்டும் தண்ணீரில் விழுந்தார்!

பங்குத் தந்தை வந்து படகை மந்திரித்த பிறகு, பாட்டா கறுப்புப் பெயிண்ட் எடுத்து, ஏறுவோர் கண்ணில் படும்படி உட்புறத்தில் '8 பேர்' என்று தம் கையாலேயே எழுதினார். "இன்று ஒரு நாள் மட்டும் ஒன்பது பேர் ஏறலாமே, இப்போதுதானே ஆசீர்வாதம் வாங்கினோம்?" என்று தம்பி கேட்டான். "ஆசீர்வாதம் எட்டுப் பேருக்குத்தான் வாங்கியது" என்று பாட்டா சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் பதின்மூன்று பேரும் காயலில் உலாவினோம். இரண்டு நடையாக. முதல் நடை திரும்பும் வரை கரையில் காத்திருந்த ஐவருள் நானும் ஒருத்தி. அந்த அரைமணி நேரக் காத்திருப்புக்குப் பொறுமையுள்ளவர்களே படகு வாங்கத் தகுதியுள்ளவர்கள் என்பதே, தோழியரே, நான் கண்ட உண்மை.