அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேராதது ஏன்?

கூட்டுறவுச் சங்கங்களின் கடிதப் போக்குவரத்து இப்பொழுது பெரும்பாலும் மின்னஞ்சல் மூலமாகவே நடைபெற்று வருவது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. நெசவாளர் சங்கங்கள் வெளியூர் வியாபாரிகளுக்கு விலைப்புள்ளி அனுப்புவதும், விளைபொருள் விற்பனைச் சங்கங்கள் ஏல அறிவிப்பு அனுப்புவதும் இவ்வழியாகத்தான். "கெடுவுக்கு முன்பே அனுப்பிவிட்டோம்" என்று காரியதரிசி, கணினியில் 'அனுப்பியவை' என்னும் பகுதியைத் திறந்து காட்டுகிறார். "எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று வியாபாரி எழுதுகிறார். இருவர் கூற்றும் மெய்யாகவே இருத்தல் கூடும். இதற்கிடையில் ஆர்டர் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. பாவு ஏற்ற வேண்டிய தறிகள் சும்மா நிற்கின்றன.

'அனுப்பியவை' பகுதியில் ஒரு கடிதம் இருப்பது, அது நம் கையை விட்டுப் புறப்பட்டது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. புறப்பட்ட கடிதம் முதலில் நமக்கு அஞ்சல் சேவை அளிக்கும் நிறுவனத்தின் சர்வரை அடைகிறது. முகவரியின் பிற்பகுதியிலுள்ள டொமைன் பெயருக்குரிய கடிதங்களை ஏற்கும் சர்வர் எது என்று அது இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் தேடி, அதனுடன் தொடர்பு கொள்கிறது. இவ்விரு சர்வர்களின் உரையாடலுக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பார் எழுதி வெளியிட்ட அவ்விதிகள், பிற்காலத் திருத்தங்களுடன் இன்றும் வழக்கிலுள்ளன. ஏற்கும் சர்வர் ஒவ்வொரு படியிலும் மூன்றிலக்க எண் ஒன்றைப் பதிலாகக் கூறும். அவ்வெண் 2இல் தொடங்கினால் சம்மதம்; 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை; 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு.

மறுக்கப்பட்ட கடிதத்தைப் பற்றி 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கில அறிவிப்பு ஒன்று நமக்குத் திரும்பி வரும். பல அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் இதனை ஏதோ விளம்பரம் என்று கருதி அழித்துவிடுகின்றனர். நோய்க்குரிய காரணம் முழுவதும் அந்தக் காகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது! 550 என்ற எண்ணோடு 5.1.1 என்றிருந்தால் அத்தகைய முகவரியே இல்லை. எழுத்துப் பிழையைத் தேட வேண்டும். 5.2.2 என்றால் பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது. தொலைபேசியில் தெரிவிப்பதே வழி. 5.3.4 என்றால் கடிதம் அளவுக்கு மீறிப் பெரிது. ஜிமெயில் அனுமதிக்கும் இணைப்பின் அளவு 25 எம்.பி.யாகும். இணைப்புகள் அனுப்பப்படும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பருத்துவிடுவதால், 20 எம்.பி. சேலைப் படங்களே வேறு சில சர்வர்களின் எல்லையைத் தாண்டிவிடும். 5.7 எனத் தொடங்கும் எண் வந்தால், நம்மை அந்தச் சர்வர் நம்பவில்லை என்று பொருள். இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவேன்.

4இல் தொடங்கும் தற்காலிகத் தடை வெளிப்பார்வைக்குச் சாதுவானது. கெடு உள்ள கடிதத்திற்கோ அதுவே பேராபத்து. அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்களேனும் முயன்று பார்த்தபின் கைவிடலாம் என்பது விதிகள் காட்டும் கணக்கு. நாளை மறுநாள் திறக்கப்படும் டெண்டருக்குரிய விலைப்புள்ளி, வரிசையில் காத்திருந்தபடியே காலாவதியாகிவிடும்.

இனி நம்பிக்கை பற்றிய விஷயத்திற்கு வருவோம். சங்கத்தின் சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்போர் இதனைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். எவரும் எவர் பெயரிலும் மின்னஞ்சல் எழுதிவிட இயலும் என்பது இம்முறையில் தொடக்கத்திலிருந்தே உள்ள குறை. அதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. சங்கத்தின் காசோலையில் கையொப்பமிடத் தக்கவர் பட்டியலை வங்கியில் கொடுத்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல, நம் பெயரில் கடிதம் அனுப்பத்தக்க சர்வர்களின் பட்டியலைப் பெயர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது எஸ்.பி.எப். கடிதத்தின்மீது இடும் முத்திரை போன்றது டி.கே.ஐ.எம். இவை ஒவ்வாதபோது கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என நாம் அறிவிக்கும் கொள்கை டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், தங்களுக்குக் கடிதம் அனுப்புவோர் யாவரும் முதலிரண்டில் ஒன்றையேனும், பெருமளவில் அனுப்புவோர் மூன்றையுமே, கொண்டிருக்க வேண்டுமென விதித்துள்ளன.

நான் பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில் கையால் எழுதி அனுப்பும் கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பில்கள் மட்டும் சேரவில்லை. ஒரே அலுவலகம், ஒரே முகவரி. ஆகவே பழுது கம்பியிலோ கணினியிலோ இருக்க நியாயமில்லை. புதிதாக வாங்கிய பில் மென்பொருள் தன் சொந்தச் சர்வரிலிருந்து சங்கத்தின் பெயரில் அனுப்பி வந்தது. அச்சர்வர் பட்டியலில் இல்லை. பட்டியலில் அதனைச் சேர்த்ததும், மென்பொருள் நிறுவனத்தார் கொடுத்த டி.கே.ஐ.எம். முத்திரைக்குரிய வரியைப் பதிந்ததும் தொல்லை நீங்கிற்று. இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய எஸ்.பி.எப். வரியிலேயே புதிய சர்வரைச் சேர்க்க வேண்டும்; இரண்டாவது வரியாக எழுதினால் இரண்டுமே செல்லாதனவாகிவிடும். அவ்வரியைச் சரிபார்க்கப் பதிவேட்டில் பத்து முறைக்கு மேல் தேட நேருமாயினும் அது செல்லாது.

தங்கள் சங்கத்தின் நிலையை அறிய நிபுணர் எவரும் வேண்டுவதில்லை. ஜிமெயில் வைத்திருக்கும் இயக்குநர் ஒருவருக்குக் கடிதம் அனுப்பி, அதைக் கணினியில் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தால், மூன்று ஏற்பாடுகளுக்கும் எதிரே 'பாஸ்' அல்லது 'பெயில்' என்று தெரியும். பில் மென்பொருளிலிருந்தும் ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த அறிவிப்பு எதுவும் இல்லாமலே கடிதம் மறைந்து போவதுமுண்டு. பெறுபவரின் 'ஸ்பேம்' பெட்டியைப் பார்க்கச் சொல்வதே முதல் வேலை. ஏல அறிவிப்பை இருநூறு வியாபாரிகளுக்கு ஒரே மூச்சில் அனுப்பும் சங்கங்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அவ்வறிவிப்பை வேண்டாதார் பெயரைப் பட்டியலினின்று உடனே நீக்கிவிடுதல் நலம். அவர்கள் 'ஸ்பேம்' என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும் மற்றையோருக்குச் செல்லும் கடிதத்தின் மதிப்பும் குறைகிறது. கடவுச்சொல் களவு போய், அயலார் நம் பெட்டியிலிருந்து ஆயிரக்கணக்கில் அனுப்பியிருப்பின், ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் நாம் ஏறியிருக்கவும் கூடும். கடவுச்சொல்லை மாற்றியபின்னரே பெயரை நீக்கக் கோர வேண்டும். முன்னதாகக் கோரினால் மறுபடியும் ஏறிவிடுவோம்.

கெடு உள்ள கடிதங்களுக்கு அனுப்புகைப் பதிவேட்டில் 'அனுப்பிய தேதி' என்ற பத்தியின் பக்கத்தில் 'பெற்றதாகப் பதில் வந்த தேதி' என்றொரு பத்தியும் கோடிட்டுக்கொள்ளுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் வராவிடில் மறுநாட் காலையில் தொலைபேசியில் விசாரிக்கலாம். டொமைன் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அதே பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது; அது தவறினால், அனுப்புவது மட்டுமன்றி வருவதும் நின்றுபோகும்.